குறி பார்த்தல்



எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் ஒருவன் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்புவதற்குள் மூன்று மொழிகளைப் பேசிவிடுவான். தொழிற்சாலையில் தமிழ், சந்தையில் தெலுங்கு, அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம். சில சொற்கள் இம்மூன்றுக்கும் பொதுச்சொத்தாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 'குறி'. கன்னடத்தாரும் தெலுங்கரும் 'குரி' என்பார்கள். ஓர் எழுத்தைச் சற்றே மெலிதாக ஒலிப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் குறியைப் பற்றியே, அதாவது உலக அரங்கில் நடைபெறும் ரைபிள் சுடும் போட்டிகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி மாணவரிடம் பேசலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். காட்டுப் பன்றியிடமிருந்து ராகிக் கொல்லையைக் காப்பதற்கென்று அந்நாளில் சில வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, கோலால் இடித்து, அதன்மேல் ஈயக் குண்டைப் போடவேண்டும். ஓர் இரவு என் மாமா காவலுக்குப் போனார். வேறொருவர் முன்பே மருந்து இட்டு வைத்திருந்த துப்பாக்கி அது. அதை அறியாமல் இவரும் ஒரு பங்கு மருந்து இட்டார். குழல் வெடித்தது. இடக்கையில் மூன்று விரல்கள் போயின. அன்றிலிருந்து, தீபாவளிக்குக் கேப்பு வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கியைக்கூட என் அம்மா வீட்டுக்குள் விட்டதில்லை.

ஆயினும் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்தபோது .22 ரைபிளை ஏந்தும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தரையில் படுத்து ஐந்து தோட்டாக்கள் சுடவேண்டும். நான்கு எங்கே சென்றன என்பது இன்றுவரை தெரியாது. ஐந்தாவது பக்கத்துத் தோழனின் இலக்கில் நட்டநடுவில் பாய்ந்திருந்தது. அவன் பாராட்டுப் பெற்றான். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

பின்னர் ஓசூர்ச் சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பதாண்டுகள் வேலை பார்த்தேன். மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பழகிய பிறகுதான், அன்று நான் ஏன் தவறினேன் என்பது விளங்கிற்று. கணக்கைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கு நிற்பது 10 மீட்டர் தொலைவில். நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி என்று கொள்ளலாம். ரைபிளின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே முக்கால் மீட்டர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். முன் குறி ஒரு தலைமயிரின் பருமன் அளவு விலகினால், இலக்கில் குண்டு சுமார் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் படும். ஒரு குண்டுக்கு மிகுதியாகப் பெறக்கூடிய மதிப்பெண் 10.9. அந்த ஒரு மில்லிமீட்டருக்கு அதில் 0.4 மதிப்பெண் போய்விடும். மூச்சு விட்டாலும் மயிரிழை அசையும். நெஞ்சு துடித்தாலும் அசையும்.

ரைபிள் என்ற பெயரே எங்கள் டூல் ரூம்காரனுக்கு இனிக்கும். குழலின் உட்புறத்தில், மரை வெட்டுவது போல, ஆனால் மிக நீண்ட திருகாக வரிகள் வெட்டியிருப்பார்கள். அவ்வரிகளில் தேய்ந்து வரும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் பம்பரம் சாயாது. சுழலும் குண்டும் தடுமாறாது. 1791-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியபோது, அவர்களுடைய சிப்பாய்கள் தோளில் சுமந்தவை பெரும்பாலும் வரிகளில்லாத வழுவழுப்பான குழல்கள். ஆகவேதான் அணி அணியாக நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள். தனி ஒருவன் குறிபார்ப்பதை நம்பி அந்நாளைய போர் நடக்கவில்லை.

குறிபார்ப்பது போட்டியாக வளர்ந்தது பின்னாளில். ஒலிம்பிக் பந்தயங்கள் 1896-இல் ஏதென்சில் புத்துயிர் பெற்றபோதே துப்பாக்கி சுடுதல் அவற்றில் இடம்பெற்றது. மறு ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. நம் நாட்டில் தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தோன்றிற்று. மக்களவைத் தலைவராக இருந்த மாவலங்கரே அதன் முதல் தலைவர்.

இவ்வகைப் போட்டியில் வீரர் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. இதற்கு நேர்மாறான இன்னொரு வகையும் உலகில் இருக்கிறது. நடைமுறைச் சுடுதல் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். அதற்கான உலகச் சங்கம் 1976-இல் அமெரிக்காவில் அமைந்தது. ரைபிளுக்கென்று தனி உலகப் போட்டி 2017-இல் ருஷ்யாவில் மாஸ்கோ அருகிலும், 2019-இல் ஸ்வீடனிலும் நடைபெற்றது. அதில் வீரர் ஓடவேண்டும். தடுப்புச் சுவருக்குப் பின் மண்டியிடவேண்டும். குறுகிய சாளரத்தின் வழியே சுடவேண்டும். அடுத்த கணம் தரையில் படுத்துத் தொலைவிலுள்ள தகட்டை வீழ்த்தவேண்டும். மதிப்பெண்ணை வினாடிக் கணக்கால் வகுப்பார்கள். 20 வினாடியில் 80 மதிப்பெண் பெற்றவனுக்கு ஈவு 4. 15 வினாடியில் 75 பெற்றவனுக்கு 5, அவனே முந்துவான். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் துப்பாக்கி கைநழுவி விழுந்தாலோ, அதன் வாய் வரையறுத்த எல்லைக்கு அப்பால் திரும்பினாலோ, அக்கணமே போட்டியை விட்டு வெளியேறவேண்டியதுதான். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரத்தை விளையாட்டாக்கியது அவ்வளவாகப் பிடிக்கவில்லை; ஒருவேளை இது கிழவனின் குறையாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் அத்தகைய ரைபிள்கள் சாதாரணக் குடிமகன் எளிதில் பெறக்கூடியவை அல்ல. எனவே நம் இளைஞர்கள் புகழ் பெற்றது பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியிலேயே. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதை எல்லோரும் அறிவர். அதே நாளில் அதே போட்டியில் தோற்றவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுகிறேன். சென்னையில் பிறந்தவரான ககன் நாரங் 600-க்கு 595 எடுத்தார். இறுதிச் சுற்றின் கடைசி இடத்துக்கு அவருக்குச் சமமாக எடுத்தவர் இருந்தார். சமன் தீர்க்கும் விதிப்படி நாரங் வெளியே நின்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2012-இல் லண்டனில் 701.1 எடுத்து வெண்கலம் பெற்றார். நாரங் அமைத்த பயிற்சி நிலையத்தில் பயின்றவர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண். 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 251.7 எடுத்துத் தங்கம் வென்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பத்தாம் இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர்.

இளவேனிலின் பெயரைச் செய்தித்தாளில் படித்துவிட்டுத்தான் என் தம்பி மகள், "பெரியப்பா, நானும் சுடப் பழகவேண்டும்" என்று வந்து நின்றாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அனைவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மூன்று மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு நானே அவளைப் பேருந்தில் ஏற்றிப் பெங்களூர்ப் பக்கத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். கோயிலுக்கென்று பொய் சொல்லிவிட்டுப் போனோம். முதல் இரண்டு வாரம் அங்கே குண்டே கொடுக்கவில்லை. வெறும் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி நிற்கச் சொன்னார்கள். அந்த நிற்றலைப் பார்த்த பிறகே எனக்குச் சற்றுத் துணிவு வந்தது.

சென்ற ஆண்டு மாமா ஊரிலிருந்து வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். எங்கே போகிறோம் என்று அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. உடன் அழைத்துச் சென்றேன். கோட்டுக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் கிடந்த ரைபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குழலின் ஊடே செம்மஞ்சள் நிறக் கயிறு ஒன்று நுழைந்து இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மாடி, இந்தக் கயிறு எதற்கு?"

"உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா, தாத்தா? சுடும் நேரம் தவிர எப்போதும் இதைப் போட்டே வைக்கவேண்டும்."

மாமா வெகு நேரம் பேசவில்லை. பயிற்சி முடிந்ததும் ஆசிரியரிடம் கேட்டு, கயிற்றின் நுனியை இடக்கையில் மிஞ்சிய இரு விரல்களால் பிடித்து, மெல்ல இழுத்துப் பார்த்தார். கயிறு தடையின்றி வந்தது.

பேருந்தில் திரும்பும்போது அத்திப்பள்ளி அருகே என் பக்கம் திரும்பி, "கோயில், குளம் என்று இனிமேல் சொல்லவேண்டாம். அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்" என்றார்.