வார்டில் முதல் கேள்வி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மதுவிலக்குப் பிரசாரம் செய்ய யாம் வரவில்லை. டில்லி மருத்துவமனைகளில் செவிலித் தொழில் புரியும் எம்மைப் போன்றோர், நோயாளி வார்டில் வந்து படுத்தவுடன் கேட்கும் சில கேள்விகளைப் பற்றி மட்டுமே சொல்ல வந்தோம். அவற்றுக்கு நம் குடும்பங்கள் தரும் விடை பல வேளைகளில் மெய்யாக இருப்பதில்லை.

"அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, சிஸ்டர்" என்று மனைவியார் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். கட்டிலில் இருப்பவர் கூரையைப் பார்க்கிறார். அம்மையாரை யாம் குறை கூறோம். அடுத்த கட்டிலுக்குக் கேட்குமே, காலனியில் பரவுமே, பெண்ணின் கல்யாணப் பேச்சு கெடுமே என்ற அச்சம் எமக்கும் தெரிந்ததே. ஆயின் உடலுக்கு மானாபிமானம் தெரியாது. நாள்தோறும் அளவு மிஞ்சிக் குடித்தவர், கால் எலும்பு முறிந்து படுக்க நேர்ந்தால் குடி தானே நின்றுவிடுகிறதன்றோ? நின்ற ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு மூன்றாம் நாள் வாக்கில் சித்தம் கலங்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், குழாய்களைப் பிடுங்குவார். உயிருக்கே ஆபத்தான நிலை அது. முன்னரே தெரிந்திருப்பின் மருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தெரியாவிடில், மூப்பின் தடுமாற்றமோ, சர்க்கரைக் குறைவோ என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். குடியால் உடல் தேய்ந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 வைட்டமின் ஊசி போடுவது வழக்கம். அக்குறை தீராவிடில் மூளைக்கு நிலையான ஊறு நேரக்கூடும். இதற்கும் உண்மை தெரிய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் உண்டு. 40 மதிப்பெண்ணில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிப்போம். 1984-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் வெளியிட்டவை நான்கே. குறைக்க எண்ணியதுண்டா, பிறர் கண்டித்ததால் எரிச்சலுற்றதுண்டா, குற்றவுணர்வு கொண்டதுண்டா, காலையில் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா என்பன அவை. இரண்டுக்கு 'ஆம்' என்றால் ஐயம் வலுக்கும். எனினும் எம் மனத்துக்கு இவை யாவற்றினும் முக்கியமானது, "கடைசியாகக் குடித்தது எப்போது?" என்பதே. கடிகாரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

கேட்கும் முறையும் ஒன்றுண்டு. உறவினரைத் தேநீர் அருந்த அனுப்பிவிட்டு, காப்பி, புகையிலை என்று தொடங்கி, பிறகே மதுவுக்கு வருவோம். "குடிப்பீர்களா?" என்றால் "இல்லை" என்பார், "வாரத்தில் எத்தனை நாள்?" என்றால் வாய் திறக்கும். "ஒரு குவார்ட்டர்தான்" என்று அடக்கமாகச் சொல்வார். 180 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 60 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. எம் கணக்கில் அது ஆறு பானம்.

மதுவோடு நின்றுவிடுவதன்று இது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிய தூக்க மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கும் பாட்டிமார் நம் வீடுகளில் இல்லையா? அவர்களைக் குடிகாரரென்று யார் சொல்வார்! எனினும் அம்மாத்திரை திடீரென நின்றால் அவர்களுக்கும் அதே நடுக்கமும் வலிப்பும் வரலாம். பாட்டியிடம் இக்கேள்வியைக் கேட்க மருத்துவர்களே மறந்துவிடுவதுண்டு. அபின் வகைப் பழக்கமுள்ள இளைஞர்களைக் கண்மணியே காட்டிக்கொடுக்கும்; மருந்து உள்ளிருக்கையில் ஊசிமுனையாய்ச் சுருங்கும், நின்றால் விரியும்; மூக்கொழுகும், கொட்டாவி ஓயாது.

2019-இல் வெளியான அரசாங்கக் கணிப்பின்படி இந்நாட்டில் 16 கோடிப் பேர் மது அருந்துவோர், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. அவ்வுதவி நமக்கு எட்டாத்தொலைவில் இல்லை. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1988-இல் டில்லியில் தொடங்கிய சிகிச்சை மையம் இன்று காஜியாபாத்தில் இயங்குகிறது. ஊரோடு இருக்க விரும்புவோருக்குச் சென்னையில் 1980-இல் தோன்றிய டி.டி.ரங்கநாதன் நிலையம் உண்டு. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் பெட்டி கட்டும்போது, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் அதில் வையுங்கள். மற்றதை எல்லார் முன்னும் சொல்லக் கூச்சமாயின், "சிஸ்டர், தனியாக ஒரு வார்த்தை" என்று வராந்தாவுக்கு அழையுங்கள். யாம் வருவோம்.