கரிசல் சாலையும் கணினி ஷாக்கும்



கோவில்பட்டியில் ரயில்வே சுரங்கப்பாதையைக் கடந்து இளையரசனேந்தல் சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். குழி என்று சொல்ல எதுவும் இருக்காது. தார் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் வண்டி ஏறி ஏறி இறங்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் இருக்கிற பெரியம்மாதான் முதலில் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்வார்.

கரிசல் மண்ணின் வேலை அது. கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தண்ணீரைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண், சாலைக்கு ஆகாத மண். நடுச்சாலைக்கு அடியில் ஈரம் ஓரளவு நிலையாக இருக்கும். ஓரங்கள்தான் முதலில் காய்ந்து, முதலில் அமுங்கும். அதனால் சாலை நீளவாக்கில் அலையாவதோடு, இடது ஓரம் மட்டும் தாழ்ந்தும் போகும். வண்டி மேலும் கீழும் ஆடும்போதே பக்கவாட்டிலும் தலையாட்டுவது இதனால்தான். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்புவது, சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்துவது என்று பொறியாளர்களிடம் வழிகள் உண்டு. எல்லாச் சாலைக்கும் அதைச் செய்ய எவரிடமும் பணம் இல்லை.

இந்தச் சாலைகளில் இப்போது பெரிய எஸ்யூவிகள் நிறைய ஓடுகின்றன. சென்னை, கொச்சி, பெங்களூரு பக்கம் ஆறேழு வருடம் ஓடி, பாதிக்கும் குறைந்த விலைக்கு வந்த வெளிநாட்டு வண்டிகளும் அவற்றில் உண்டு. வாங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், சஸ்பென்ஷனைச் சரிபார்க்கச் சொல்லும். ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது சாதா ஷாக் இல்லை, கம்ப்யூட்டர் ஷாக்" என்பார்கள். ஒரு ஷாக்கின் விலையே லட்சத்தைத் தொடுகிற வண்டிகள் உண்டு. நாலுக்கும் கணக்குப் போட்டதும் அடுத்த கேள்வி வரும்: "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு சாதா ஷாக் மாட்டினால் என்ன?"

மாட்டலாம். எப்படி மாட்டுவது என்பதைப் பற்றித்தான் இந்த உரை.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் என்கிற ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகள், வால்வுகள். எண்ணெய் துளைக்குள் நுழையத் திணறும்போது ஆட்டம் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடும்.

ஒரு சிறு கணக்கு. பெரும்பாலான கார்களின் உடல் தன்னியல்பாக நொடிக்கு ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை முறை ஆடும். சாலையின் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 15 மீட்டர். அதாவது நொடிக்கு ஒரு மேடு. வேகத்தை 65 ஆக்கினால் நொடிக்கு ஒன்றுக்கும் சற்று மேல். காரின் சொந்த ஆட்டமும் சாலையின் அலையும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். கோயில் மணியை அது ஆடுகிற தாளத்துக்கே இழுத்தால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும் இல்லையா, அந்தக் கதைதான். இந்த இடத்தில் கைகொடுப்பது ஷாக் ஒன்றுதான். குழியில் விழுந்து எழும்போது சக்கரம் ஆடுவது வேறு, நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வெடவெடக்கும். அதற்கு ஷாக் இளகிக் கொடுக்க வேண்டும், நீண்ட அலைக்கு இறுகிப் பிடிக்க வேண்டும். சாதாரண ஷாக்கில் துளையின் அளவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. அது ஒரு சமரசம்.

அந்தச் சமரசத்தை உடைக்கத்தான் மின்னணு ஷாக் வந்தது. டொயோட்டா 1983-லேயே சோவாரர் என்ற காரில் மின்னணுவால் இறுக்கத்தை மாற்றும் ஷாக்கைக் கொடுத்தது. இப்போது புழக்கத்தில் பல வகை. பெரும்பாலானவற்றில் மின்காந்த வால்வு ஒன்று எண்ணெய் வழியைக் குறுக்கியும் விரித்தும் மாற்றுகிறது. இன்னொரு வகை எனக்கு எப்போதும் வியப்பு. அதில் வால்வு அசைவதே இல்லை, எண்ணெயே மாறுகிறது. எண்ணெயில் நுண்ணிய இரும்புத்துகள் கலந்திருக்கும். காந்தப்புலம் பட்டால் துகள்கள் சங்கிலிபோல் வரிசைகட்டி எண்ணெயைக் கெட்டியாக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி ஓடும். எல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில். இந்தத் திரவத்தை 1940-களின் இறுதியில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் வேலைபார்த்த ஜேக்கப் ராபினோ கண்டுபிடித்தார். காரில் வர 2002 ஆகிவிட்டது, கேடிலாக் செவில் என்ற வண்டியில். அமெரிக்காவில் நம் பிள்ளைகள் ஓட்டுகிற எஸ்கலேட், டாஹோ போன்ற பெரிய எஸ்யூவிகளின் மேல்நிலை மாடல்களிலும் இதே சங்கதி உண்டு. அதைக் கழற்றிச் சாதா ஷாக் மாட்டுவதற்கென்றே அங்கே தனிச் சந்தை நடக்கிறது.

சரி, இவை ஏன் கெடுகின்றன? கணினி கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. எண்ணெய்த் தடுப்பு சீல் தேய்ந்து ஒழுகுகிறது. ரப்பர் புஷ் பிய்கிறது. இவை இரண்டும் சாதா ஷாக்கிலும் நடப்பவை. மின்னணுவுக்கே உரிய நோய் என்றால் ஒயரும் கனெக்டரும்தான். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிய வண்டிக்கு, சக்கரத்தருகே இருக்கிற உயர சென்சாரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே விளக்கு அணைகிற வண்டிகள் உண்டு. ஆகவே முதல் வேலை, ஷாக்கைக் கழற்றாமல் எர்ரர் கோடைப் படித்து, எந்தச் சக்கரம், எந்தப் பாகம் என்று கேட்பது. ஸ்கேனரைப் போடாமலே "நாலும் போச்சு" என்கிற இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

நிஜமாகவே ஷாக் போய்விட்டது, புதிது கட்டுப்படியாகாது என்றால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. பல பெரிய எஸ்யூவிகளை அந்த நிறுவனமே இரண்டு விதமாக விற்றிருக்கும், மேல் மாடலுக்கு மின்னணு ஷாக், கீழ் மாடலுக்குச் சாதா ஷாக் என்று. கீழ் மாடலின் ஷாக், ஸ்பிரிங், மேல் மவுண்ட் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி மாட்டி, கணினியிலும் "இது கீழ் மாடல்" என்று எழுதிவிட வேண்டும். ஒர்க்ஷாப்பில் இதைக் கோடிங் என்பார்கள். எனக்கு இதுதான் நேர்வழியாகப் படுகிறது.

இரண்டாவது பாதைதான் அதிகம் நடக்கிறது. கிட் ஒன்றை வரவழைத்து, ஷாக்கை மாற்றி, பழைய கனெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிடுவார்கள். கணினிக்கு அங்கே இன்னும் மின்னணு ஷாக் இருப்பதுபோலவே தெரியும். விளக்கு எரியாது. இளையரசனேந்தல்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். 2008-ல் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்த இந்தப் பிர்காவை வருவாய்த்துறைக் கணக்கில் கோவில்பட்டி வட்டத்துக்கு, தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஊராட்சிகள் மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. பட்டாவுக்கு ஒரு ஊர், சாலைக்கும் குடிதண்ணீருக்கும் இன்னொரு ஊர் என்று மக்கள் அலைந்தார்கள், வருடக்கணக்கில் போராடினார்கள். ரெசிஸ்டர் செருகிய வண்டியின் நிலைமையும் அதுதான். ஷாக் ஒரு கணக்கில், கணினி இன்னொரு கணக்கில்.

அதனால் என்ன நடந்துவிடும் என்றால், சாதாரண நாளில் ஒன்றும் நடக்காது. திடீரென்று மாடு குறுக்கே வந்து ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது, சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு, ஷாக் இறுகிவிடும் என்று நம்பித் தன் கணக்கைப் போடலாம். ஷாக் இறுகாது. இரண்டரை டன் எடை, உயரமான உடல். அந்த நேரத்தில் கணக்குப் பிசகக் கூடாது. கனெக்டரைச் சும்மா கழற்றிவிட்டு ஓட்டுவதும் ஆகாது. சில மாடல்களில் கணினி வேகத்தையே கட்டுப்படுத்திவிடும். இரும்புத்துகள் எண்ணெய் வகையில் மின்சாரம் போனால் ஷாக் மிக இளகிய நிலைக்குப் போய்விடும். கரிசல் சாலையில் அதைவிட மோசமான நிலை இல்லை.

காற்றுப்பை ஸ்பிரிங் உள்ள வண்டி தனிக் கதை. அங்கே பெரும்பாலும் ஷாக்கோடு ஸ்பிரிங்கையும் சுருள் கம்பியாக மாற்றியாக வேண்டும். ஆள் ஏறினாலும் சாமான் ஏற்றினாலும் உயரத்தைத் தானே சமன்செய்துகொண்ட வண்டி, இனி ஏழு பேர் ஏறினால் பின்னால் உட்காரும். கல்யாண சீசனில் இது புரியும். உயர சென்சாரைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் கோணத்தைச் சரிசெய்வதும் அதே சென்சார்தான். அதைக் கழற்றினால் எதிரே வருகிற டிவிஎஸ் ஃபிஃப்டிகாரரின் கண் கூசலாம்.

சாதா ஷாக் என்றால் மட்டமான சாமான் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1961-ல் இந்தியாவில் தொடங்கிய, ஷாக் செய்கிற கேப்ரியல் நிறுவனத்துக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யூவி 700, 2021-ல் வந்தபோது அதிலிருந்த ஷாக்கில் ஒயரே கிடையாது. ஆட்டத்தின் வேகத்தைப் பொறுத்து வால்வே தன்னை இளக்கியும் இறுக்கியும் கொள்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு ஆட்டங்களையும் அது பிரித்து அறிகிறது, கணினி இல்லாமலே. அதே மகிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய மின்சார எஸ்யூவிகளின் மேல் மாடலில் மின்னணு ஷாக்கையும் வைத்தது. ஆக, இரண்டும் கூடவே இருக்கப் போகின்றன.

மாற்ற முடிவு செய்தவர்கள் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். குறைந்தபட்சம் முன்ஜோடி, பின்ஜோடியாக. புஷ், பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் பழையதாக இருந்தால் அவையும் போகட்டும், கூலி ஒரே கூலிதான். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வெளியே எடுக்காதீர்கள். ஓட்டிப் பார்ப்பதை நாலுவழிச் சாலையில் செய்ய வேண்டாம், அங்கே எந்த ஷாக்கும் நல்ல ஷாக்தான். வீட்டு ஆட்கள் முழுக்க ஏறி, இந்தக் கரிசல் சாலையில் 50-க்கும் 65-க்கும் இடையே ஓட்டுங்கள். மேட்டைத் தாண்டியபின் ஒரே ஆட்டத்தில் அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் திரும்ப ஒர்க்ஷாப்புக்கு.

வண்டியை இன்னும் உயர்த்திவிடலாம் என்கிற ஆசை இந்த நேரத்தில்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறான மாற்றத்தை ஏற்கவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் உயரத்தில் கைவைக்காதீர்கள். ஷாக் மாற்றியதை இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவித்து, நகலை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய ஷாக்குகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டாம். சில வகைகளைத் திறந்து சீல் மாற்றிப் புதுப்பித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. நாளைக்கு வண்டியை விற்கப் போனால், வாங்க வருகிறவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார். எந்தச் சக்கரத்தினுடையது என்று எழுதி ஒட்டி, ஒரு சாக்கில் கட்டி, நிற்கவைத்தே வையுங்கள்.