பூசும் சத்தும் உண்ணும் சத்தும்

(பொந்தியான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பள விஷயமும் வீட்டு விஷயமும் பேசி முடித்த கையோடு, முகத்தில் பூசும் கிரீமைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இருக்கட்டும். சம்பளம் வந்த மறுநாளே அந்தச் சம்பளம் எந்த வழியாய் வெளியே போகிறது என்று பார்ப்பதும் சங்க வேலைதான்.

சில மாதங்களாக நமது லயங்களுக்கு ஒரு சரக்கு வந்துகொண்டிருக்கிறது. சின்ன டப்பா. மேலே "வைட்டமின்" என்று பெரிதாய் எழுதியிருக்கிறது. முகத்துக்கும் கைக்கும் பூசினால் தோல் வெளுக்குமாம். அதோடு நில்லாமல், தினமும் பூசி வந்தால் சத்து தோல் வழியாக உடம்புக்குள் இறங்கி அசதி தீருமாம், மாத்திரையே வேண்டாமாம். விலை அறுபது, எழுபது வெள்ளி என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள், நாளைக்கு அறுபத்தைந்து வெள்ளி சொச்சம். விடியுமுன் எழுந்து ஒரு நாள் முழுவதும் மரம் வெட்டியது அந்த ஒரு டப்பாவுக்குச் சரி.

பார்க்காமல் குறை சொல்லக்கூடாது என்று, கடையில் முறையாக விற்கும் வைட்டமின் கிரீம் ஒன்றை வாங்கி நாங்கள் நாலைந்து பேர் ஒரு மாதம் இரவில் பூசிப் பார்த்தோம். பாலும் ஆசிட்டும் பட்டு வெடித்த விரல்கள் மிருதுவாயின. அதை மறைக்கமாட்டோம். ஆனால் தேங்காய் எண்ணெய் தடவிய இன்னொரு தோழரின் விரல்களும் அப்படியே ஆயின. அசதியோ, கிரீம் பூசியவருக்கும் போகவில்லை, எண்ணெய் தடவியவருக்கும் போகவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். இதற்கு விடை நமது நாட்டிலேயே, அதுவும் தமிழ்த் தொழிலாளியின் சோற்றுப் பானையிலேயே கிடைத்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

நூற்றிருபது வருஷங்களுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுபோகும். சுரங்கத்திலும் சாலை வேலையிலும் இருந்தவர்கள் மாண்டார்கள். தமிழர்களுக்கோ அது அபூர்வம். நெகிரி செம்பிலானில் வைத்தியராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். நோய் கண்டவர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர் தின்றது புழுங்கல் அரிசி. பிளெச்சர் என்னும் வைத்தியர் 1905 கடைசியில் தொடங்கி 1906 முடிய கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி. கட்டடத்தில்தான் தோஷமோ என்று இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி தின்றவர்களில் பலருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிக் கூட்டத்தில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடமும் இதையே கண்டார்கள். நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. "வைட்டமின்" என்ற பெயரே அதற்குப் பின்னர், 1912-இல் பங்க் என்பவர் வைத்தது. பேர் தெரியாமலேயே நமது பாட்டிமார் அதை வடித்துப் போட்டார்கள்!

அந்தச் சத்து வாய் வழியாகப் போய், குடலில் ஏறி, இரத்தத்தில் கலந்து வேலை செய்தது. தோலோ உடம்புக்கு வேலி. மழையில் நனைந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதன் உத்தியோகம். தண்ணீரில் கரையும் வைட்டமின் பி, சி போன்றவற்றை அது எளிதில் விடுவதில்லை. நல்ல கிரீமில் இருப்பவையும் பெரும்பாலும் மேல்தோலில் தங்கி அங்கேயே கொஞ்சம் உதவும். வைட்டமின் டி மட்டும் தோலிலேயே உண்டாகும். அதைச் செய்வது வெயில். அது நமக்கு இலவசம், வேண்டிய அளவுக்கு மேலேயே.

இனி வருவதுதான் பயப்படவேண்டிய இடம். வேலியைத் தாண்டும் சரக்கும் உண்டு. பாதரசம் தாண்டும். வெளுக்க வைப்பதாகச் சொல்லும் திருட்டுக் கிரீம்களில் அதைக் கலக்கிறார்கள். நமது சுகாதார அமைச்சு பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை கலந்த கிரீம்களின் பெயரைப் பல தடவை வெளியிட்டுத் தடுத்திருக்கிறது. இவற்றில் டிரெட்டினோயின் என்பது வைட்டமின் ஏ-யின் அமிலம். டாக்டர் சீட்டில்லாமல் தொடக்கூடாத மருந்து, கர்ப்பிணிகள் ஒதுக்கவேண்டியது. ஆகவே "வைட்டமின்தானே" என்று அலட்சியமாக இருக்க இடமில்லை.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை அங்கே டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஓர் அபூர்வ அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது. கறுப்புத் தோலைக் குறையென்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு நாம் கட்டும் வட்டி இது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பூசும் பொருளுக்கு ஆங்கிலத்தில் என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கி, ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு கே என்று முடியும் எண் வேண்டும். விழுங்கும் சத்து மாத்திரைக்கு எம், ஏ, எல் என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். சட்டமே இரண்டையும் இரண்டு கணக்கில் வைத்திருக்கிறது. ஒரே டப்பா இரண்டு வேலையும் செய்யும் என்று சொல்பவனிடம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேளுங்கள். எண் இருந்தாலும் அது விற்பவர் அரசாங்கத்துக்கு அறிவித்ததற்கு அடையாளமே. சோதித்துக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அல்ல. கைப்பேசியில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பக்கத்தில் எண்ணைப் போட்டு, பெயர் ஒத்துவருகிறதா, இரத்தாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். படித்த பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அசதி உள்ளவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளி. இரத்தச்சோகையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம்; பூசித் தீராது. வீட்டோரத்து முருங்கைக் கீரையும், கொய்யாவும், நெத்திலியும், பப்பாளியும் எந்த டப்பாவுக்கும் இளைத்தவையல்ல. பொந்தியானில் இருந்துகொண்டு அன்னாசிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லமாட்டீர்கள். அரிசியை நாலு தண்ணீரில் அலசிக் கஞ்சியையும் கொட்டிவிட்டால், புழுங்கலரிசியின் சத்தும் சாக்கடைக்குத்தான் போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு உங்களிடமுள்ள டப்பாக்களை மூடியோடு கொண்டு வாருங்கள். எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்; எண் இல்லாதவற்றைச் சுகாதார இலாகாவிடம் ஒப்படைப்போம். யார் வாங்கினார் என்று கேட்கமாட்டோம், எழுதவும் மாட்டோம். கிரீம் பூசி வருகிறவர்களில் முகமோ காலோ வீங்கியிருந்தால், சிறுநீர் நுரைத்துப் போனால், ஞாயிறு வரை காத்திருக்கவேண்டாம். நாளைக் காலையே பொந்தியான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவையும் கையில் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகளுக்குத் துணையாக மாதர் பகுதியிலிருந்து ஒருவர் வருவார்.