பாட்டி காபியும் அரியலூர் லாரியும்: இழப்பீட்டுக் கணக்கு

அமெரிக்காவுல ஒரு பாட்டி தன் மேல காபியைக் கொட்டிக்கிட்டு, கேஸ் போட்டு பல லட்சம் டாலர் வாங்கின கதை உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். "இப்படியும் பணக்காரன் ஆகலாமா"ன்னு சிரிச்சிருப்பீங்க.

முழுக்கதை வேற. 1992, நியூ மெக்சிகோ மாநிலம். நின்னுட்டிருந்த கார்ல 79 வயசுப் பாட்டி மடியில மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டுது. மூன்றாம் நிலை தீக்காயம், எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை. அவங்க முதல்ல கேட்டது 20,000 டாலர். கம்பெனி தர்றேன்னது 800. அதுக்கு முன்னாடியே 700 பேருக்கு மேல சூடு பட்டுப் புகார் பண்ணியிருந்தது விசாரணையில வெளிய வந்துச்சு. 1994ல ஜூரி, பாட்டி மேலயும் 20 சதவீதம் தப்புன்னு கழிச்சுட்டு, 1.6 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தாங்க. கம்பெனிக்குத் தண்டனையா இன்னொரு 27 லட்சம் டாலர். இந்தத் தண்டனைத் தொகையை நீதிபதி 4.8 லட்சமா குறைச்சுட்டார்.

அந்த 27 லட்சம், ஜூரியோட கோபம். நம்ம ஊர் விபத்து வழக்குல ஜூரி கிடையாது, ஃபார்முலாதான் உண்டு. பெரம்பலூர்ல சென்னை-திருச்சி நெடுஞ்சாலை, அரியலூர்ல சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஏத்துற லாரிகள். அங்க யாராவது அடிபட்டா, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி, இந்த ரெண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வச்சுதான் அங்க கணக்கு.

ஒரு கற்பனை உதாரணம். 35 வயசு லாரி டிரைவர், மாசம் 15,000 ரூபாய். அவரை நம்பி வீட்டுல நாலு பேர். விபத்துல இறந்துட்டார். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தா 21,000. சொந்தச் செலவுன்னு கால் பங்கு கழிச்சா 15,750. 12 மாசத்தால பெருக்கி, அந்த வயசுக்கான 16ஆல பெருக்கினா 30,24,000 ரூபாய். துணையை இழந்ததுக்குன்னு 2017 தீர்ப்பு வச்சது தனியா 40,000. மூணு வருஷத்துக்கு ஒருமுறை அதுல 10 சதவீதம் ஏறும்.

கோடிங் பண்றவங்களுக்கு உடனே புரியும். ஃபங்ஷன் சரிதான், இன்புட்தான் பிரச்சினை. பேட்டா, கூலி எல்லாம் கையில வாங்குறவர்கிட்ட சம்பளச் சீட்டு எங்க இருக்கும்? ஆதாரம் இல்லைன்னா தீர்ப்பாயமே ஒரு வருமானத்தை அனுமானிக்கும். அது 10,000னு வச்சுக்கோங்க. அதே கணக்கு 20,16,000ல நின்னுடும். ஒரே ஆள், ஒரே விபத்து, பேப்பர் இல்லாததால குடும்பத்துக்கு 10 லட்சம் போச்சு.

உயிர் தப்பினாலும் சிக்கல் உண்டு. இடது கை போனா டாக்டர் 60 சதவீத ஊனம்னு எழுதலாம். ஆனா அவர் டிரைவரா இருந்தா வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம்னு உச்ச நீதிமன்றம் 2011லயே சொல்லியிருக்கு. அதனால என்ன வேலை பார்த்தார்ங்கிறதை நிரூபிக்கணும். சம்பளமே வாங்காத இல்லத்தரசி உழைப்புக்கும் வருமானம் கணக்கிடணும்னு 2021ல தீர்ப்பு இருக்கு. அம்மாவுக்கு வருமானம் இல்லைன்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க.

இன்னும் ரெண்டு விஷயம். 2022 ஏப்ரல்ல அமலுக்கு வந்த திருத்தம், விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடச் சொல்லுது. பெரம்பலூர்க்காரர் சென்னையில அடிபட்டாலும் சொந்த மாவட்டத்துலயே போடலாம்.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணா, அப்பா கூலியை வங்கிக் கணக்குல வாங்குறாரான்னு ஒரு வார்த்தை கேளுங்க. கையிலதான் வாங்குறார்னா, ஒரு நோட்டுல தேதி, தொகை எழுதி, கொடுத்தவர்கிட்ட கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.