தனியாப் போற பொண்ணுக்கு நாம கட்டிக் கொடுக்க வேண்டியது

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வாரக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிப்பேன், அவ்வளவுதான் எனக்குப் பேசிப் பழக்கம். மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

"இந்த வருஷம் நம்ம குழுக்களில் இருந்து நாலஞ்சு பொண்ணுங்க மெட்ராஸுக்கு வேலைக்குக் கிளம்பறாங்க. முதல் தடவை தனியாப் போற பொண்ணுக்கு என்ன சொல்லி அனுப்பணும்னு நீ பேசு, உன் பொண்ணும் போனவதானே" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால்தான் வந்து நிற்கிறேன்.

தென்னிந்தியாவிலேயே முதல் பயணிகள் ரயில் நம்ம அரக்கோணம் வழியாத்தான் ஓடியது. 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்ட பாதை அது. நம்ம ஊர் ஆம்பளைங்க தலைமுறை தலைமுறையா அந்தத் தண்டவாளத்தில் மெட்ராஸ் போய் வேலை பார்த்து வந்தாங்க. நாம? கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, இல்லைன்னா ஆஸ்பத்திரிக்கு. அதுவும் துணையோட. திருத்தணி மலைக்குக் கூட யாராவது கூட வந்தால்தான் படி ஏறுவோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் தடவை தனியாப் போனது 2018-ல். எங்கம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், சென்ட்ரலுக்கு எதிரில் இருக்குதே அதுதான். எங்கக்கா ஒரு வாரம் கூட இருந்து களைச்சுப் போயிட்டா. ஒரு நாள் பகலுக்கு மட்டும் நான் மாற்றி இருக்கலாம்னு போனேன். போகும்போது பக்கத்து வீட்டு அண்ணி அதே ரயிலில் வந்தாங்க, கவலை இல்லை. சாயங்காலம் திரும்பும்போதுதான் தனி.

சென்ட்ரல் பக்கத்தில் லோக்கல் ரயில் நிற்கிற இடத்துக்கு வந்தேன். ஒரு வண்டி புறப்படத் தயாரா இருந்தது. கூட்டம் ஓடியது, நானும் ஓடி ஏறிட்டேன். போர்டைப் பார்க்கலை. பேசின் பிரிட்ஜ் வந்தது, சரின்னு இருந்தேன். அடுத்து வியாசர்பாடி, பெரம்பூர் வரணும். கொருக்குப்பேட்டைன்னு வந்தது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்... எனக்குக் கை கால் ஆடிப் போச்சு. அது கும்மிடிப்பூண்டி வண்டி. அதுவும் அங்க இருந்துதான் புறப்படும்னு எனக்குத் தெரியாது.

பையில் போன் இருந்தது. சார்ஜும் இருந்தது. ஆனா வீட்டுக்குப் போன் பண்ணலை. ஏன் தெரியுமா? "இதுக்குத்தான் தனியாப் போகாதேன்னு சொன்னேன்" என்று திட்டு விழுமேன்னு பயம். வழி தவறினதை விட அந்தப் பயம்தான் பெரிசா இருந்தது. எண்ணூரில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இருட்டிப் போச்சு.

காலி மீன் கூடையோட ஒரு அம்மா வந்தாங்க. "இன்னாம்மா, எங்க போவணும்?" என்று கேட்டாங்க. சொன்னேன். "இதுக்கா அழுவற? அந்தாண்ட பிளாட்பாரத்துல ஏறு, பேசின் பிரிட்ஜுல எறங்கி அரக்கோணம் வண்டி மாத்திக்கோ. அவ்ளோதான்" என்று சொல்லி, வண்டி வர்ற வரைக்கும் கூடவே உட்கார்ந்தாங்க. அவங்க பேர் கூடக் கேட்கலை நான். வீட்டுக்கு வந்து "ரயில் லேட்டு" என்று பொய் சொல்லிட்டேன்.

அந்தப் பொய்யை ஆறு வருஷம் மனசிலேயே வச்சிருந்தேன். போன வருஷம் என் மகள் டிப்ளமோ முடிச்சு, கிண்டியில் ஒரு இன்டர்வியூவுக்குத் தனியாக் கிளம்பினா. முந்தின நாள் ராத்திரி அவளையும் அவங்கப்பாவையும் உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருந்தா எண்ணூருக்கே வந்திருப்பேனே" என்றார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

அன்னைக்கு ராத்திரி என் மகளுக்கு நான் சொன்னதைத்தான் இங்க இருக்கிற பொண்ணுங்களுக்கும் சொல்றேன்.

கண்ணுங்களா, முதல்ல ரயில். வண்டி முகப்பில் எழுதியிருக்கிற ஊர்ப் பேரைப் படிக்காம ஏறாதீங்க. படிச்சாலும் பக்கத்தில் ஒருத்தரைக் கேட்டுக்கோங்க, கேட்கிறது கேவலம் இல்லை. லோக்கல் டிக்கெட்டை வச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸில் ஏறாதீங்க. பிடிச்சா அபராதம் மட்டுமே குறைஞ்சது 250 ரூபாய், டிக்கெட் காசு தனி. அப்படியே டிக்கெட் இல்லாம மாட்டினாலும், ஆண் துணை இல்லாம வர்ற பொண்ணை ராத்திரியில் வண்டியை விட்டு இறக்கிவிடக் கூடாதுன்னு ரயில்வே சட்டத்தில் இருக்குது. அபராதம் கட்டணும், அது வேற. ஆனா யாராவது மிரட்டினா இறங்கி ஓடாதீங்க.

பகலில் லேடீஸ் பெட்டியில் ஏறுங்க. ராத்திரி அந்தப் பெட்டி காலியா இருந்தா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, குடும்பத்தோட ஜனங்க உட்கார்ந்திருக்கிற பெட்டிக்கு மாறிடுங்க. லேடீஸ் பெட்டின்னு பேர் இருந்தா மட்டும் போதாது, ஆள் இருக்கணும். ஜன்னல் ஓரத்திலும் வாசலிலும் நின்னு போன் பார்க்காதீங்க, பறிச்சிடுவாங்க.

சென்ட்ரலில் இறங்கினதும் வழி. கிண்டி, சைதாப்பேட்டை, தாம்பரம் பக்கம் போகணும்னா எதிரில் சுரங்கப்பாதை தாண்டி பார்க் ஸ்டேஷன் இருக்குது, அங்க தாம்பரம் வண்டி வரும். மெட்ரோவும் சென்ட்ரலில் இருந்தே கிண்டிக்கு நேராப் போகுது, காசு கொஞ்சம் கூட. பஸ்ஸில் போனா சாதாரணக் கட்டண பஸ்ஸில் பொம்பளைங்களுக்குக் காசு இல்லை. 2021-ல் இருந்து நம்ம டவுன் பஸ்ஸில் போறோமே, அதே மாதிரிதான். டீலக்ஸ், ஏசி பஸ்ஸில் ஏறினா காசு கொடுக்கணும். ஆட்டோவில் ஏறினா ஏறும் முன்னாடியே வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க. டிரைவருக்குத் தெரியற மாதிரியே எடுங்க.

போனை நம்பி மட்டும் போகாதீங்க. சார்ஜ் போயிடும், கீழே விழுந்திடும். ஒரு சின்னத் தாளில் அம்மா, அப்பா, குழு ஊக்குநர் மூணு பேர் நம்பரையும், போற இடத்து விலாசத்தையும் எழுதி ஜாக்கெட்டிலோ சுடிதார் பையிலோ வச்சுக்கோங்க. பணத்தை ஒரே பர்ஸில் வைக்காம மூணு இடத்தில் வையுங்க. திரும்பி வர்ற செலவுக்கான காசை மட்டும் எதுக்காகவும் எடுக்காதீங்க.

நம்பருங்க மனப்பாடமா இருக்கட்டும். எந்த அவசரத்துக்கும் 112. பெண்கள் உதவிக்கு 181. ரயிலில் எதுவானாலும் 139. போன் வழியாப் பணம் ஏமாந்தா உடனே 1930. போலீசோட 'காவல் உதவி' செயலியையும் போனில் ஏத்திக்கோங்க. தப்பு நடந்த இடத்து ஸ்டேஷனைத் தேடி அலைய வேண்டியதில்லை, எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்.

தங்கற இடத்தைப் பற்றியும் சொல்லிடறேன். தனியார் பெண்கள் விடுதி எதுவானாலும் லைசென்ஸ் வாங்கியிருக்கணும்னு 2014-லேயே சட்டம் வந்திருக்குது. "லைசென்ஸ் இருக்குதா?" என்று தைரியமாக் கேளுங்க. அரசாங்கமே வேலைக்குப் போற பொண்ணுங்களுக்குத் தோழி விடுதி நடத்துது, தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் எல்லாம் இருக்குது. வேலை செய்யற இடத்தில் பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, பெண்கள் புகாருக்குன்னு ஒரு குழு இருந்தே ஆகணும். 2013-ல் வந்த சட்டம் அது. சேர்ந்த முதல் வாரமே அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க.

சிங்கப்பூர், குவைத்னு இன்னும் தூரம் போறவங்களும் நம்மில் உண்டு. டூரிஸ்ட் விசாவில் கூட்டிப் போய் அங்க வேலைக்கு மாற்றித் தர்றேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. ஏஜென்ட்டுக்கு மத்திய அரசு லைசென்ஸ் இருக்குதான்னு பாருங்க. பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானம் மாதிரி விடாதீங்க.

இவ்வளவும் சொல்லித்தான் என் மகளை அனுப்பினேன். கிண்டி இன்டர்வியூ நல்லபடியா முடிஞ்சுது, ஆனா வேலை கிடைக்கலை. ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒரு இடம். வேலை வாங்கித் தர்ற ஆபீஸ்னு சொன்னாங்க. மறுபடியும் தனியாப் போனா.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. குரல் சரியில்லை. "அம்மா, பதிவுக் கட்டணம்னு 1500 ரூபாய் கட்டச் சொன்னாங்க, கட்டிட்டேன். இப்போ ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொடுத்துட்டு இன்னும் 5000 கட்டினாத்தான் ஆர்டர் தருவாங்களாம். என்னம்மா பண்றது?"

அக்காமாரே, அந்த 1500 ரூபாய் என்னோட சேமிப்பு. எப்படிச் சேர்த்த காசுன்னு உங்களுக்குத் தெரியும். என் வாய் நுனி வரைக்கும் வந்துடுச்சு: "யாரைக் கேட்டுக் கட்டினே? அறிவு இருக்குதா உனக்கு?" அந்த நேரத்தில் எனக்கு எண்ணூர் ஸ்டேஷன் பெஞ்சு ஞாபகம் வந்தது. கையில் போனை வச்சுக்கிட்டு அழுதேனே, அது. நான் இப்போ கத்தினா, அடுத்த தடவை இவ எனக்குப் போன் பண்ண மாட்டா.

மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொன்னேன்: "போன காசு போகட்டும் கண்ணு. சர்டிபிகேட்டைக் கொடுக்காதே. அம்மா கூப்பிடறாங்கன்னு சொல்லிட்டு உடனே வெளியே வா. ரோட்டில் நாலு பேர் இருக்கிற கடையில் நின்னு மறுபடியும் பேசு."

வந்துட்டா. சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா வந்துது. ராத்திரி என் மடியில் படுத்து, "நீ திட்டுவேன்னு நெனச்சேம்மா. திட்டினா சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டாவது வேலையோட வரணும்னு இருந்தேன்" என்றாள். கேட்டுக்கோங்க அக்கா. நான் திட்டியிருந்தா, அவளோட மூணு வருஷப் படிப்பை எவன் கையிலோ கொடுத்துட்டு வந்திருப்பா.

இப்போ அவ அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறா. விடுதியில் தங்கி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை லோக்கலில் வீட்டுக்கு வர்றா. வேலை கொடுக்கிறவன் நம்மகிட்ட காசு கேட்க மாட்டான், கேட்டா அது வேலை இல்லை. இதை 1500 ரூபாய் கொடுத்து நாங்க படிச்சோம். உங்களுக்கு இலவசமாச் சொல்லிட்டேன்.

அதனால் அம்மாக்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணு கிளம்பும்போது புளிச்சோறு கட்டிக் கொடுக்கிறோம், நெற்றியில் திருநீறு பூசி அனுப்பறோம். கூடவே ஒரு வார்த்தையையும் கட்டிக் கொடுங்க: "என்ன நடந்தாலும், உன் மேலேயே தப்பு இருந்தாலும், முதல் போன் எனக்குப் பண்ணு. நான் திட்ட மாட்டேன்." சொன்னா மட்டும் போதாது. போன் வரும்போது அந்த வார்த்தையைக் காப்பாற்றணும். நியாயம் பேசறதை வீட்டுக்கு வந்த பிறகு வச்சுக்கலாம்.

"பொண்ணைத் தனியா அனுப்பிட்டாளாம்" என்று தெருவில் பேசுவாங்க. என்னையும் பேசினாங்க. நாம குழு ஆரம்பிச்சப்போ பேசாததா? 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்தில் பொம்பளைங்க பேங்க் வாசலை மிதிக்கறதே பெரிய பேச்சா இருந்ததாம். நாமும் முதலில் பத்துப் பேர் சேர்ந்துதான் பேங்குக்குப் போனோம். இன்னைக்கு ஒருத்தியாப் போய் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து கடன் பேசிட்டு வர்றோம். நம்ம பொண்ணுங்க அதே பாதையில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போறாங்க, அவ்வளவுதான்.

கடைசியா ஒரு கோரிக்கை. வெளியூருக்கு வேலைக்குப் போற நம்ம பொண்ணுங்க பேர், தங்கற இடம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைக்க நம்ம கூட்டமைப்பில் ஒரு நோட்டுப் போடணும். மெட்ராஸில் முன்னாடியே இருக்கிற பொண்ணோட நம்பரைப் புதுசாப் போற பொண்ணுக்குக் கொடுக்கணும். முதல் சம்பளம் வர ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள விடுதி அட்வான்ஸ் கேட்பாங்க. அந்த நேரத்தில்தான் பொண்ணுங்க போனில் கடன் கொடுக்கிற ஆப்பில் போய் மாட்டிக்கறாங்க. அதுக்கு நம்ம குழுவிலேயே அம்மா பேரில் ஒரு சின்ன உள்கடன் கொடுக்கலாம். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமா எழுதணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கறேன்.

எண்ணூரில் எனக்குத் துணையா உட்கார்ந்த அந்த அம்மா எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். ஏதாவது ஸ்டேஷனில் ஒரு பொண்ணு தனியா அழுதுக்கிட்டு இருந்தா, நாமும் பக்கத்தில் போய் உட்காருவோம்.