படி எடுத்தலும் காத்தலும்



2021ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் இரவு மும்பையில் பெய்த பெருமழையின்போது பாண்டுப் நீர்த் தூய்மை நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மின்கருவிகளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் நகரின் பெரும்பகுதிக்குக் குழாய்நீர் தடைப்பட்டது. தெருவெல்லாம் தண்ணீர், குடத்தில் தண்ணீர் இல்லை. ஒரு மாநகரின் நீரில் பெரும்பங்கு ஒரே இடத்தின் வழியாக வருமானால், அவ்விடத்துக்கு நேரும் தீங்கு ஊர் முழுமைக்கும் நேர்ந்ததாகிவிடுகிறது. நம் வீட்டுக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் சேர்ந்து கிடக்கும் கோப்புகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே. அவற்றைக் காக்கும் முறையைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என எண்ணுகிறேன்.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த குடும்பத்துக்குக் காகிதம் சிறு பொருளன்று. ஊரில் உள்ள நிலத்தின் பட்டா, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை என ஒவ்வொன்றும் ஒரு நாள் தேவைப்படும். மும்பையில் குடிசைப் பகுதிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தில், 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிறுவுவோருக்கு வீடு இலவசம். அதற்குப் பின்னர் 2011 ஜனவரி முதல் நாள் வரை வந்து குடியேறியவர்களுக்கு விலையின் பேரில் வீடு. அந்த நாளை நிறுவுவதற்குப் பழைய மின்கட்டண ரசீது போன்றதொரு சான்றே துணை. பாண்டுப் மலைச்சரிவிலோ தாராவியிலோ குடியிருப்பவருக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தாழ்ந்த வீடுகளில் தகரப்பெட்டிக்குள் இருந்த காகிதங்களும் நனைந்து கூழாயின. இன்றோ பலரும் சான்றுகளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்கின்றனர். நல்ல பழக்கமே. படம் மூலத்துக்கு ஈடாகாது என்பது மெய்தான்; எனினும் அதிலுள்ள எண்ணும் நாளும் கையில் இருந்தால் மறுபடி கேட்டுப் பெற ஒரு வழி உண்டு. 2015இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரே வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி மூலத்துக்கு நிகரானவை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட மின்கட்டண ரசீதை அங்கே தேடிப் பயனில்லை. அதை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

காத்தல் என்று வந்தால் இரண்டு வேலைகளைப் பிரித்தறிய வேண்டும். இரு கணிப்பொறிகளில் உள்ள கோப்புகளை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருப்பது ஒத்திசைவு. இன்று இருந்த நிலையை நாளைக்கு என எடுத்துத் தனியே வைப்பது காப்புப் படி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இழப்பு நேர்ந்தபின்தான் வேற்றுமை தெரியும்.

ஒத்திசைவு மென்பொருள்களில் புகழ்பெற்றது ஆர்சிங்க். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரு டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்னும் இருவர் 1996இல் அதனை வெளியிட்டனர். தொலைபேசிக் கம்பியின் வழியே தரவு மெல்ல ஊர்ந்து சென்ற காலம் அது. பழைய படியை வைத்திருக்கும் கணிப்பொறி அதனைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, துண்டுதோறும் சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு அனுப்பும். புதிய கோப்பை வைத்திருக்கும் கணிப்பொறி அவ்வெண்களைக் கொண்டு, தன்னிடம் மாறாதிருக்கும் துண்டுகள் எவை என்று கண்டு, மாறியவற்றை மட்டும் அனுப்பிவைக்கும். நானூறு பக்கக் கடைக் கணக்கில் மூன்று பக்கம் மாறினால், ஏறத்தாழ அம்மூன்று பக்கமே கம்பியில் பயணம் செய்யும். பின்னாளில் வந்த டிராப்பாக்ஸ், சிங்த்திங் போன்றவையும் மாறியதை மட்டும் அனுப்பும் இந்தச் சிக்கனத்தைக் கடைப்பிடிப்பவையே.

இவ்வளவு திறமையும் நன்மைக்கே என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தை கைப்பேசியில் விளையாடுகையில் ஒரு படத்தை அழித்துவிட்டால், ஒத்திசைவு அவ்வழிவையும் சற்றும் தாமதியாமல் மற்ற இடங்களுக்குக் கொண்டுசேர்க்கும். தன் கடமையைச் செய்வதில் அது அத்துணை நேர்மையுடையது! கூகிள் போட்டோஸில் காப்பு எடுக்கப்பட்ட படத்தை நீக்கினால் அது 60 நாள் குப்பைக்கூடையில் கிடக்கும். அதற்குள் பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை.

நம் பழைய ஏட்டுச் சுவடிகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் தெளிந்தார். ஓர் ஊர்ச் சுவடியில் எழுதுவோன் செய்த பிழை மற்றோர் ஊர்ச் சுவடியில் இல்லாமையால்தான் அது இயன்றது. எல்லாச் சுவடிகளும் ஒரு மந்திரத்தால் கட்டுண்டு, ஒன்று மாறியவுடன் அனைத்தும் மாறியிருக்குமாயின், ஒருவன் கைப்பிழையே தமிழுலகின் பாடமாக நிலைத்திருக்கும்! படிகள் ஒன்றோடொன்று தொடர்பற்றிருந்ததே நமக்கு வாய்த்த நற்பேறு. மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீளவேயில்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது.

தீ ஏட்டை மட்டுமே எரிக்கும் என்பதும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் அளவுள்ள சேமிப்பகம் அழிந்தது. அளவு மிகப் பெரிதென்று அதற்கு வெளியே வேறு படி எடுத்து வைக்கவில்லையாம். மேகக்கணிமை என்னும் அழகிய பெயரைக் கேட்டு நாம் மயங்கலாம். அந்த மேகமும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில்தான் தங்கியிருக்கிறது.

ஆகவே அனுபவமுள்ளோர் ஓர் எளிய கணக்கைச் சொல்வர்: கோப்புக்கு மூன்று படிகள், அவை இரு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். வேற்றிடம் எது என்று தேடும் தொல்லை நமக்கு இல்லை. வெளிமாநிலத் தமிழர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊர் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நாகர்கோவில் விரைவு வண்டியில் ஊருக்குப் போகும்போது, இனிப்புப் பொட்டலத்தோடு ஒரு வன்தட்டையும் எடுத்துச் சென்று அண்ணன் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்து வரலாம். அடுத்த ஆண்டு புதிதாக எழுதிய தட்டைக் கொண்டுபோய்ப் பழையதைத் திரும்ப எடுத்துவரலாம். பென் டிரைவைப் பல ஆண்டுக் காலம் தொடாமல் வைத்திருப்பது நன்றன்று. அதில் பதிந்த மின்னேற்றம் நாளடைவில் நலியக்கூடும்.

தட்டுக்குக் கடவுச்சொல் இடுங்கள். ஆதாரும் பத்திரமும் அதனுள் இருக்கின்றனவே. அக்கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். படி எடுத்த அன்றே இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து, எழுத்துகள் தெளிவாக வருகின்றனவா என்று பாருங்கள். பின்பு, எடுத்த நாளை ஒரு சீட்டில் எழுதித் தட்டின் மேல் ஒட்டிவிடுங்கள்.