கண் புரையும் கண் அழுத்த நோயும்



கண் மங்கினால் புரை, புரையென்றால் அறுவை, அறுவை முடிந்தால் பார்வை திரும்பும் என்பதே நம் குடும்பங்களில் பலரது எண்ணம். புரையைப் பொறுத்தமட்டில் அது பெரிதும் உண்மையே. 1949-இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். 1992 முதல் அத்தகைய வில்லைகள் மதுரையிலேயே, அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேபில் செய்யப்படுகின்றன.

ஆயினும் மங்கல் யாவும் புரையன்று. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. பெரும்பாலும் வலி இராது, சிவப்பும் இராது. நேர்ப்பார்வை தெளிவாக இருக்கும்போதே பக்கப்பார்வை சுருங்கிவரும். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிப்போர்க்கும் இந்நோய் இருக்கக்கூடும். இதனால் இழந்த பார்வையை எந்த அறுவையும் மீட்டுத் தாராது. எஞ்சியதைக் காக்கவே இயலும்.

ஆகவே, கண்ணாடிக்கு அளவு பார்த்ததையே கண் பரிசோதனை எனக் கொள்ளற்க. கண்ணின் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பு என்பர். அவ்வெண் சரியாக இருந்தும் நரம்பு நலிவதுண்டு. எனவே சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து நரம்பின் முகப்பைக் காண்பர். (அதன்பின் சில மணி நேரம் எழுத்து தெரியாது; துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.) ஐயம் எழுந்தால் பக்கப்பார்வைச் சோதனை. கிண்ணம் போன்ற கருவியின் நடுவே நோக்கியபடி, ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கவனம் சிதறினால் முடிவே பிழையாகிவிடும்.

நாற்பது வயதைக் கடந்தோர் அனைவரும் இவற்றைச் செய்துகொள்வது நன்று. அண்ணனுக்கு இந்நோய் எனத் தெரிந்தால், தம்பி தங்கையரும் பிள்ளைகளும் காலந்தாழ்த்தாது செல்ல வேண்டும்.

நம்மவர்க்கென ஒரு செய்தி. இந்நோய்க்கான மருந்துகளுள் சிலவற்றை இரவில் இடுமாறு கூறுவர். இரவுண்ணா நோன்புடைய முதியோர் சிலர் தயங்கக்கூடும். தாமாக நிறுத்திவிடுதல் பெருங்கேடு. நோன்பை மருத்துவரிடம் கூறி, மருந்தைப் பகற்பொழுதிற்கு மாற்ற இயலுமா எனக் கேளுங்கள். மருந்து இட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்தினால், அது தொண்டைக்கு இறங்குவதும் குறையும்.